புகையில் சுற்றும் பம்பரம்

ஒரு சின்னக் கேள்வி. ஒரு லாரி ஒரு லிட்டர் டீசலை எரித்தால் எவ்வளவு தண்ணீர் வெளியே வரும்?

'டீசல்ல ஏது சார் தண்ணி? பங்க்ல கலந்திருந்தாத்தான் உண்டு' என்பீர்கள். கலப்படமே இல்லாத சுத்தமான டீசலைத்தான் சொல்கிறேன். விடை, ஏறத்தாழ ஒரு லிட்டர்! டீசலில் இருக்கும் ஹைட்ரஜன், காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்தால் தண்ணீராகத்தானே ஆக வேண்டும்? ஆவியாக, புகையோடு புகையாகப் போய்விடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போய்த் திரும்பும் ஒரு லோடு லாரி, வழியெல்லாம் ஒன்றரைக் குடம் தண்ணீரை வானத்தில் ஊற்றிவிட்டு வருகிறது.

வண்டி சூடாக ஓடிக்கொண்டிருக்கும்வரை தொல்லை இல்லை. நின்றுவிட்டால்? உள்ளே மிச்சமிருக்கும் ஆவி குளிர்ந்து, இரும்பின் மேல் பனித்துளி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பழைய டீசலில் கந்தகமும் இருந்தது. கந்தகம் எரிந்து, அந்தத் தண்ணீரோடு சேர்ந்தால் கந்தக அமிலம். ஆமாம், பள்ளிக்கூட லேபில் 'கிட்டே போகாதே' என்று வாத்தியார் எச்சரித்த அதே திரவம்தான். துளித் துளியாக லாரியின் வயிற்றுக்குள்ளேயே தயாராகிறது.

இந்த ஈரமும் அமிலமும் கரியும் ஒன்றுசேர்ந்து வேலையைக் காட்டும் இடங்களில் முக்கியமானது, உள்ளங்கை அகலத்தில் சக்கரம் சுற்றும் ஒரு கருவி. டர்போ! லாரிகளின் முதுகில் பெருமையாக எழுதிவைக்கப்பட்ட அதே டர்போ. அதில் துருப் பிடித்து, அசைய வேண்டிய பாகம் அசையாமல் இறுகிப்போவதால் எத்தனை லாரிக்காரர் வீட்டில் சண்டை நடந்திருக்கிறது, எத்தனை டிரைவர் சம்பளத்தில் கைவைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் ஏறாது. பி.காம். படித்த எனக்கு மெஷின் விஷயம் இரண்டாம்பட்சம்தான். ஆனால், நஷ்டக் கணக்கு என்றால் மூக்கு வேர்த்துவிடும்.

முதலில் இந்தப் பம்பரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

ஸ்விட்சர்லாந்தில் விண்டர்தூர் என்று ஒரு தொழில் நகரம். அங்கே 1879-ல் பிறந்தவர் ஆல்ஃபிரட் பூஹி. என்ஜினீயர். அவரை உறுத்திய விஷயம் ஒன்றே ஒன்று... ஒரு என்ஜினுக்குள் எரியும் எரிபொருளின் சக்தியில் பெரும்பங்கு சும்மா சூடாக, புகையாக வெளியே போகிறதே! காசைக் கொடுத்து எண்ணெய் வாங்கி, அதில் பாதியை ஊதித் தள்ளுகிற மாதிரி அல்லவா இது? வீணாகிற புகையை ஒரு சக்கரத்தின் மேல் அடித்து அதைச் சுற்றவைத்தால்? அந்தச் சக்கரத்தின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வைத்து, அதைக்கொண்டு வெளிக்காற்றை என்ஜினுக்குள் அமுக்கித் தள்ளினால்? அதிகக் காற்று, அதனால் அதிக எரிபொருள், அதனால் அதிக சக்தி. செலவு? ஏற்கெனவே வீணாகிக் கொண்டிருந்த புகைதான்.

1905-ம் ஆண்டு நவம்பரில் இதற்கு ஜெர்மனியில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார் பூஹி. யோசனை வந்த வேகத்தில் மெஷின் வரவில்லை. அடுப்பு மாதிரி கொதிக்கும் புகையில் நின்றுகொண்டு, தலைதெறிக்கச் சுற்றுகிற சக்கரத்தைச் செய்ய அன்றைக்கு உலோகமும் இல்லை, பேரிங்கும் இல்லை. இருபது வருடம் மனிதர் விடாமல் மோதிக்கொண்டிருந்தார்.

நடுவில் அமெரிக்காவில் ஒரு காட்சி. 1918. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. உயரே போகப் போகக் காற்று மெலிந்து விமான என்ஜின்கள் மூச்சுத் திணறுகின்றன. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் சான்ஃபோர்ட் மாஸ் என்பவர் 'லிபர்ட்டி' விமான என்ஜினை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு, கொலராடோவில் இருக்கும் பைக்ஸ் பீக் மலைக்குப் போனார். 14 ஆயிரம் அடி உயரம்! தரையில் 350 குதிரைசக்தி தந்த என்ஜின், மலையுச்சியில் சுமார் 230-க்குப் படுத்துவிட்டது. டர்போவை மாட்டினார்கள். 356! தரையில் கொடுத்ததைவிடவும் கொஞ்சம் கூடுதல்.

பூஹியின் சொந்த வெற்றி 1920-களில் கடலில் கிடைத்தது. 'ப்ராய்சன்', 'ஹன்ஸேஸ்டாட் டான்ஸிக்' என்று இரண்டு ஜெர்மன் பயணிக் கப்பல்கள். அவற்றின் பத்து சிலிண்டர் டீசல் என்ஜின்கள் 1,750 குதிரைசக்தி கொண்டவை. டர்போ வைத்ததும் 2,500. அதே என்ஜின், அதே இரும்பு... சக்தி மட்டும் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. 1938-ல் ஸ்விட்சர்லாந்தின் சௌரர் கம்பெனி லாரிக்கும் டர்போ கொண்டுவந்தது. மலையேறும் ஊர்க்காரர்களுக்குத்தானே மூச்சுத் திணறலின் அருமை தெரியும்!

இந்த இடத்தில் இன்னொரு கதையைச் சொல்லாவிட்டால் கை துறுதுறுக்கும். 1962-ல் அமெரிக்காவில் 'ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர்' என்று ஒரு டர்போ கார் வந்தது. பெட்ரோல் வண்டி. அதிக அழுத்தத்தில் என்ஜின் 'நாக்' ஆகாமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டேங்க்கில் ஊற்றிவைக்க வேண்டும். அதற்கு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று பயங்கரப் பெயர் வேறு. ஜனங்கள் என்ன செய்தார்கள்? கார் வாங்கினார்கள், திரவம் ஊற்ற மறந்தார்கள். திரவம் தீர்ந்ததும் வண்டி சக்தியைக் குறைத்துக்கொண்டது. 'என்னய்யா வண்டி இது' என்று திட்டித் தீர்த்தார்கள். கடைசியில் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுக்க முன்வந்தது. பராமரிப்பு என்கிற விஷயத்தில் அமெரிக்கனும் ஆந்திரா பார்டர்காரனும் ஒரே ஜாதிதான்!

நம் ஊருக்கு வருவோம்.

டர்போ என்ற பெயரே தெரியாமல் அதன் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. ரயில் பயணிகள்! வாரணாசி டீசல் என்ஜின் தொழிற்சாலையிலிருந்து முதல் என்ஜின் 1964 ஜனவரியில் வெளியே வந்தது. அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் தொழில்நுட்பம். 16 சிலிண்டர், 2,600 குதிரைசக்தி, மேலே ஒரு பெரிய டர்போ. ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது குபுகுபுவென்று கரும்புகை வானத்துக்குக் கிளம்புமே, ஞாபகம் இருக்கிறதா? தண்டவாளத்தோரச் சிறுவர்கள் கைதட்டி ரசித்த அந்தப் புகை, உண்மையில் டர்போவின் தாமதம். டிரைவர் டீசலைத் திறந்துவிட்டார். ஆனால், சக்கரம் வேகம் பிடித்துக் காற்றைத் தள்ளச் சில நொடிகள் ஆகிறது. அதுவரை டீசல் அதிகம், காற்று குறைவு. அரைகுறையாக வெந்த டீசல் கரியாக வெளியே வருகிறது. இந்த 'காற்றுக் குறைவு' சமாசாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லாரிக்கும் இதேதான்.

சாலையில் டர்போ வர ரொம்ப காலம் ஆனது. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்து, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய கம்பெனி... வடசென்னைக்கும் திருவள்ளூர் பக்கத்துக்கும் லாரித் தொழிலில் எழுத்தறிவித்த கம்பெனி என்று இதைச் சொன்னால் மிகையில்லை. அதன் பழைய லாரிகள் எல்லாம் இயற்கையாக மூச்சு விடுபவை. சிலிண்டர் எவ்வளவு காற்றை உறிஞ்சுமோ அவ்வளவுதான். சக்தி குறைவு, ஆனால் தொல்லையும் குறைவு. சுத்தியலும் ஸ்பேனரும் இருந்தால் புளியமரத்தடியிலேயே வைத்தியம் பார்த்துவிடலாம்.

1982-ல் சென்னையில் 'டர்போ எனர்ஜி' என்று ஒரு கம்பெனி பிறந்தது. சுந்தரம் ஃபைனான்ஸ், பிரேக்ஸ் இந்தியா ஆகியவற்றோடு ஜெர்மனியின் கே.கே.கே. நிறுவனம் கைகோத்த கம்பெனி. கே.கே.கே. பிறகு 90-களின் கடைசியில் அமெரிக்க போர்க்வார்னரின் கைக்குப் போனது. டர்போ எனர்ஜியின் தொழிற்சாலைகளில் ஒன்று மாமல்லபுரம் பக்கம் பையனூரில் இருக்கிறது. இன்னொன்று சோளிங்கர் பக்கம் புலிவலத்தில்.

புலிவலம் எங்கே இருக்கிறது என்று மேப்பை விரித்துப் பாருங்கள். பக்கத்திலேயே திருத்தணி, ஆர்.கே.பேட்டை, அதைத் தாண்டினால் பள்ளிப்பட்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், மூன்று பக்கம் சித்தூர் சீமை சூழ, பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பேசுகிற ஊர். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில் இருந்தது. படாஸ்கர் தீர்ப்பின்படி எல்லைகள் மாற்றப்பட்டபோது திருத்தணியோடு சேர்ந்து இந்தப் பக்கம் வந்தது. விசைத்தறியும் கரும்பும்தான் பிழைப்பு. கரும்பு லோடு ஏற்றிய லாரிகள் திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குப் போகும். மற்ற வண்டிகள் கல், மணல், நூல், மாம்பழம் என்று கிடைத்ததை ஏற்றும். ஒரு ஐரோப்பியன் 1905-ல் கண்ட கனவு, பள்ளிப்பட்டுக்காரர் பஸ் ஏறிப் போய்விடக்கூடிய தூரத்தில் பெட்டி பெட்டியாகத் தயாராகிறது. அதே பள்ளிப்பட்டில், அதே கனவு துருப்பிடித்து நிற்கிற லாரிகளும் உண்டு!

சரி, ஊரிலிருக்கும் எல்லா லாரிக்கும் டர்போ எப்படி வந்தது? லாரிக்காரர்கள் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. புகைதான் கொண்டுவந்தது.

1990-களில் நகரங்களின் காற்று கோர்ட்டு வரைக்கும் போனது. 1996-ல் ஒரு புகைக் கட்டுப்பாடு. 2000 ஏப்ரலில் நாடு முழுக்க 'இந்தியா 2000' என்ற அடுத்த கட்டுப்பாடு. கரும்புகையைக் குறைக்க வேண்டுமானால் டீசல் முழுசாக எரிய வேண்டும். முழுசாக எரிய, காற்று அதிகம் வேண்டும். காற்று அதிகம் வேண்டுமென்றால்..? அதேதான். டாடா லாரிகளின் பேர்ப்பலகையில் 'டி.சி.' என்ற இரண்டெழுத்து சேர்ந்தது. 'டர்போ சார்ஜ்டு.' அப்புறம் அது 'டி.சி.ஐ.சி.' என்று நீண்டது. அழுத்திய காற்றைக் குளிரவைத்து அனுப்பும் இன்டர்கூலரும் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். லேலண்டும் 80-களிலேயே ஜப்பானின் ஹினோவோடு என்ஜினுக்குக் கைகோத்திருந்தது. ஆக, புதிய நூற்றாண்டின் முதல் பத்து வருடத்துக்குள் டர்போ இல்லாத பெரிய லாரி என்பது மியூசியச் சமாசாரமாகத் தொடங்கிவிட்டது.

இங்கேதான் ஒரு கோளாறு. மெஷின் முன்னே வந்துவிட்டது. டீசல் பின்னால் மெதுவாக வந்தது!

கந்தகத்தைச் சொல்கிறேன். 90-களின் தொடக்கத்தில் நம் டீசலில் ஒரு சதவீதம் வரைக்கும் கந்தகம் இருக்கலாம். அதாவது பத்து லட்சத்தில் பத்தாயிரம் பங்கு. 1996-ல் அது பாதியானது. 2000-ல் கால் சதவீதம். சென்னை போன்ற பெருநகரங்களில் 2001 வாக்கில் 500 பங்கு. பிறகு பி.எஸ்.-3ல் 350, பி.எஸ்.-4ல் 50, 2020-ல் பி.எஸ்.-6 வந்தபோது வெறும் 10. முப்பது வருடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, பெரிய சாதனை! மணலி சுத்திகரிப்பு நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-ல் உற்பத்தி தொடங்கியபோது ஈரான் நாட்டு எண்ணெய் நிறுவனம் அதில் பங்காளி. வளைகுடா கச்சா எண்ணெய் என்றாலே கந்தகம் தூக்கலாக இருக்கும். அதைப் பிரித்தெடுக்க ஹைட்ரஜன், உயர் அழுத்தம், புதிய யூனிட்டுகள் என்று கோடிகளைக் கொட்ட வேண்டும். ஒரு நாளில் நடக்கிற காரியமில்லை.

ஆனால், பெருநகரத்துக்கு ஒரு டீசல், வெளியூருக்கு ஒரு டீசல் என்று இருந்த அந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில் மாட்டிக்கொண்டது யார்? சென்னையில் வாங்கிய வண்டியை, வெளியூர் பங்க்கில் நிரப்பி ஓட்டியவர். பி.எஸ்.-3 நாடு முழுக்க வந்ததே 2010-ல்தான்.

இப்போது வடசென்னைக்கு வாருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலை. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் வரைக்கும் அணிவகுத்து நின்ற காலத்தை அந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டு நாள், மூன்று நாள் என்று நின்றிருக்கிறார்கள். சாலை அகலப்படுத்தும் திட்டம் வருடக்கணக்கில் இழுத்தது. டிரைவர் வண்டிக்கடியிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்து, அங்கேயே தூங்கி, எழுந்து, ஐம்பது மீட்டர் நகர்த்தி மறுபடி நிறுத்துவார்.

அந்த ஐம்பது மீட்டரை டர்போவின் கண்ணால் பாருங்கள். ஸ்டார்ட் பண்ணியாச்சு. புகை வருகிறது, ஈரத்தோடு. இரும்பு இன்னும் சூடேறவில்லை. அதற்குள் ஆஃப்! ஆவி எல்லாம் உள்ளேயே தண்ணீராகிறது. கரியும் அமிலமும் அதில் குழைகிறது. அரைமணி கழித்து மறுபடி ஸ்டார்ட், மறுபடி ஆஃப். போதாக்குறைக்கு நூறடியில் வங்காள விரிகுடா. உப்புக்காற்று வெளிப்பக்கத்திலிருந்து அரிக்கிறது. உள்ளிருந்தும் அடி, வெளியிலிருந்தும் அடி. நானூறு கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓடிய வண்டியின் டர்போ தெம்பாக இருக்க, நாலு கிலோமீட்டரை மூன்று நாளில் கடந்த வண்டியின் டர்போ நோயில் விழுந்தது இப்படித்தான்.

எந்த பாகம் இறுகும் என்று சொல்ல வேண்டும். நடுவில் இருக்கும் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை சுற்றக்கூடியது. அது எண்ணெய்ப் படலத்தில் மிதப்பதால் பொதுவாகத் துரு அண்டாது. அதற்கு எமன் வேறு. நன்றாக ஓடி வந்த வண்டியை டக்கென்று ஆஃப் செய்தால், எண்ணெய் ஓட்டம் நின்றுபோய், சூட்டில் அந்த எண்ணெய் அங்கேயே கருகிக் கரிக்கட்டியாகிவிடும். புகை போகும் பக்கத்து வெளிக்கூடு, அதாவது ஹவுசிங், வார்ப்பிரும்பு. சூட்டைத் தாங்கும், விலையும் மலிவு, ஆனால் துருப்பிடிக்கும். அந்தக் கூட்டில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. 'வேஸ்ட்கேட்' என்பார்கள். காற்றழுத்தம் அளவுக்கு மீறினால் இது திறந்து, புகையில் ஒரு பகுதியைச் சக்கரத்தில் படாமல் வெளியேற்றிவிடும். பிரஷர் குக்கரின் வெயிட் மாதிரி. அந்தக் கதவு ஒரு சுண்டுவிரல் தடிமன் ஊசியில் தொங்குகிறது. ஊசிக்கும் அதன் துளைக்கும் நடுவே தலைமுடி அளவு சந்து. துருவும் கரியும் போய் உட்காருவது அங்கேதான்!

கதவு திறந்தபடியே இறுகினால், புகை எல்லாம் சக்கரத்தைத் தொடாமல் ஓடிவிடும். 'புல்லிங் இல்ல சார்' என்பார் டிரைவர். கரும்புகை, டீசல் செலவு. மூடியபடியே இறுகினால் இன்னும் மோசம். அழுத்தம் ஏறிக்கொண்டே போய், ஹெட் கேஸ்கெட் வரைக்கும் பலி வாங்கும்.

இன்னொரு வகையில் கதவுக்குப் பதில் சக்கரத்தைச் சுற்றி வளையமாகச் சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும். தேவைக்கேற்பச் சாய்ந்து கொடுக்கும். வி.ஜி.டி. என்கிறார்கள். 1980-களின் கடைசியில் கார்களிலும், 90-களின் பிற்பகுதியில் ஐரோப்பிய லாரிகளிலும் தலைகாட்டிய இது, நம் ஊரில் 2007, 2008 வாக்கில் சஃபாரி, ஸ்கார்ப்பியோ போன்ற வண்டிகளோடு பரவியது. ஒரு கதவு இறுகுவதற்கே இந்தப் பாடு என்றால், பத்துப் பன்னிரண்டு தகடும் அவற்றை ஆட்டும் ஒரு வளையமும் இருந்தால்? எல்லாம் கரியில் மூழ்கிய இடத்தில்! ஒரு தகடு முரண்டு பிடித்தால் மொத்த வளையமும் நின்றுவிடும். கூட்டுக் குடும்பம் மாதிரிதான்.

செங்குன்றம், காரனோடை, மாதவரம் பக்கத்து மெக்கானிக்குகள் இதைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் தேடுவதில்லை. ஹோஸைக் கழற்றிவிட்டு ஷாஃப்டை விரலால் சுற்றிப் பார்ப்பார்கள். மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து 'பிளே' இருக்கிறதா என்று கணிப்பார்கள். பிறகு ஆக்சுவேட்டரின் குழாயில் காற்றடித்து, கம்பி நகர்கிறதா என்று பார்ப்பார்கள். நகராவிட்டால் 'ஜாம்' என்று தீர்ப்பு. துரு இளக்கும் எண்ணெயை விட்டு ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் மெல்லத் தட்டித் தட்டி எடுத்தால் பாதி வண்டிகள் பிழைத்துவிடும். அவசரப்பட்டு ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு விட்டுவிடும், அல்லது துருவேறிய போல்ட் பாதியில் முறியும். முறிந்த போல்ட்டை எடுப்பது தனிக் கதை. பல் பிடுங்கும்போது பல் உடைந்து வேர் உள்ளே தங்கிவிட்டால் என்ன பாடோ, அதே பாடு.

இப்போது கணக்குக்கு வருகிறேன். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் தரும் வண்டி, கதவு இறுகியதால் மூன்றரை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 400 கிலோமீட்டருக்கு 100 லிட்டர் போதும் என்ற இடத்தில் 114 லிட்டர். மாதத்தில் இருபது நாள் இப்படி ஓடினால் 280 லிட்டர் டீசல் காற்றோடு போச்சு! ஒற்றை லாரி வைத்துக்கொண்டு தவணை கட்டுகிறவருக்கு இந்த 280 லிட்டர்தான் லாபமே.

அந்த 280 லிட்டர் எங்கே போனது என்று ஓனர் கேட்பார். கேட்பது யாரை? டிரைவரை!

'டீசலை வித்துட்டியா?' இந்த ஒரு கேள்வியில் பத்து வருட நம்பிக்கை உடைந்த கதைகள் லாரி உலகில் ஏராளம். வழியில் டீசலை உறிஞ்சி விற்கிற ஆட்கள் உண்டுதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால், சுண்டுவிரல் தடிமன் ஊசி ஒன்று துருப்பிடித்ததற்கு ஒரு மனிதன் திருடன் பட்டம் சுமப்பது என்ன நியாயம்? டர்போ மொத்தமாகவே போய்விட்டால், 'நீ ஆயில் பார்க்கல, நீ சூட்டோட ஆஃப் பண்ணிட்ட' என்று பேட்டாவிலும் சம்பளத்திலும் பிடித்தம். ஆனால், ஆஃப் பண்ணச் சொன்னது யார்? 'நின்னுட்டு இருக்கும்போது எதுக்கு டீசல் எரியுது?' என்று போனில் கத்தியதும் அதே முதலாளிதானே!

1936-ம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடா சட்டம் இதில் தெளிவாக இருந்தது. நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், அது அந்தத் தொழிலாளியின் அலட்சியத்தால் நேரடியாக வந்த நஷ்டமாக இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாய் பிடிக்கக்கூடாது. 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. செக்போஸ்ட்டுக்குச் செக்போஸ்ட் ஆயிரம் காகிதம் வைத்திருக்கும் டிரைவரின் கையில் இந்த ஒரு காகிதம் மட்டும் இருக்காது. அமிலம் ஊறியது டீசலின் குற்றம், ஈரம் சேர்ந்தது கேட்டில் நின்ற மூன்று நாளின் குற்றம் என்று அவருக்காக வாதாட எந்த மெக்கானிக் கணக்குப்பிள்ளை முன்னால் வந்து நிற்பார்?

அதற்காக ஓனரை வில்லனாக்கவும் மனசு வரவில்லை. புது டர்போ வாங்கக் கட்டுப்படியாகாமல் 'ரீகண்டிஷன்' தேடிப் போகிறவர் அவர். அந்தச் சந்தையில் நல்லவர்களும் உண்டு. பாலன்ஸிங் மெஷினில் ஏற்றிச் சரிபார்த்து, பேரிங் மாற்றித் தருகிறவர்கள். மேலே சில்வர் பெயின்ட் அடித்துப் புதிது மாதிரி பளபளக்கவைத்து, கம்பெனி டப்பாவில் போட்டுக் கொடுக்கிறவர்களும் உண்டு. லட்சம் சுற்றுச் சுற்றுகிற பொருளில் ஒரு கிராமில் ஒரு துளி எடை தவறினாலும் பேரிங் போய்விடும். தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து!

துருவுக்குப் பெரிய விருந்து கிடைத்த வருடம் 2020. மார்ச் 24 இரவு அறிவிப்பு, 25-ம் தேதியிலிருந்து நாடு முடக்கம். லாரிகள் சாலையோரங்களிலும் தாபா வாசல்களிலும் அப்படியே நின்றன. லோடோடு வண்டியை விட்டுவிட்டு ஊருக்கு நடந்த டிரைவர்கள் உண்டு. பி.எஸ்.-6 அமலுக்கு வந்ததும் சரியாக அதற்கு ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 1-ம் தேதி. உலகத்திலேயே சுத்தமான டீசல்களில் ஒன்று நம் பங்க்குகளில் நிரம்பியிருந்தது... எரிக்க வண்டிதான் ஓடவில்லை. வாரக்கணக்கில் நின்ற லாரியின் புகைக்குழாய் மேல்நோக்கித் திறந்திருந்தால் கோடை மழை நேராக உள்ளே இறங்கும். குழாய் வாயை ஒரு பழைய டப்பாவால் மூடியவர்களும், வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து, நிஜமாகவே சூடேறும்வரை ஓடவிட்டவர்களும் தப்பித்தார்கள். இரண்டு நிமிடம் உறுமவிட்டு ஆஃப் செய்தவர்கள், எண்ணூர் க்யூவில் நடந்ததைத் தங்கள் வாசலிலேயே நடத்திக்கொண்டார்கள்.

இன்றைய பி.எஸ்.-6 லாரிகளில் டர்போவின் கதவையோ தகடுகளையோ பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான் கவனிக்கிறது. நகராவிட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். சக்தியைத் தானாகவே குறைத்து வண்டியை ஊர்ந்து போகவைக்கும். ஒருவகையில் டிரைவருக்கு இது நல்லது. கோளாறு பதிவாகிவிடுகிறது, தேதியோடும் நேரத்தோடும். 'டீசலை வித்தியா' என்ற கேள்விக்கு மெஷினே சாட்சி சொல்லும். ஆனால், அந்தச் சாட்சியைப் படிக்கிற கருவி கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கிறது, புளியமரத்தடியில் இல்லை. பள்ளிப்பட்டிலிருந்து லோடோடு புறப்பட்டு நகரி தாண்டி நின்றுபோன வண்டிக்கு அந்தக் கருவி எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருக்கிறதோ!

செத்துப்போன டர்போக்கள் கடைசியில் காயலான் கடைக்குத்தான் வருகின்றன. தொழில் தெரிந்த கடைக்காரர் அதை முழுசாக எடை போட மாட்டார். பிரித்துவிடுவார். காற்றுப் பக்கத்துச் சக்கரமும் கூடும் அலுமினியம், அது ஒரு பக்கம். நடுவிலிருக்கும் பேரிங் பித்தளை வகை, அது ஒரு டப்பாவில். புகைப் பக்கத்துச் சின்னச் சக்கரம் நிக்கல் கலந்த உயர்ந்த உலோகம். அத்தனை அமிலத்திலும் சூட்டிலும் வருடக்கணக்காக நின்றும் அதில் துரு ஏறியிருக்காது. துணியால் துடைத்தால் பளபளவென்று இருக்கும். அதற்குத் தனி விலை. மிச்சமிருக்கும் துருவேறிய வார்ப்பிரும்புக் கூடும், அசைய மறுத்த அந்தக் கதவும் பழைய இரும்புக் குவியலோடு லாரியில் ஏறும். கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் உலைகள் இருக்கின்றன. அந்தக் குவியலை ஏற்றிப் போகிற லாரியிலும் ஒரு டர்போ சுற்றிக்கொண்டிருக்கும்.